பாக்கெட்ட திருப்புங்க: பாலோ கோதுமையோ சேராதவங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்து ஒரு வழிகாட்டி

"பால நிறுத்துங்க"ன்னோ "கோதுமை கூடவே கூடாது"ன்னோ டாக்டர் சொல்லி அனுப்பின அன்னிக்கு சாயங்காலமே வீட்டுல யாராவது ஒருத்தர் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போயி 'ஃப்ரீ'ன்னு எழுதின பாக்கெட்டா பாத்து அள்ளிட்டு வந்துடுவாங்க. க்ளூட்டன் ஃப்ரீ, லாக்டோஸ் ஃப்ரீ, டெய்ரி ஃப்ரீ, வீகன், மல்டிகிரெய்ன், மில்லட். விலை சாதாரண சாமானவிட ரொம்ப அதிகம். கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா வயித்துல ஒரு மாத்தமும் இருக்காது, அப்புறம் "இந்த டாக்டர் சரியில்ல"ன்னு அடுத்த டாக்டர தேடுவாங்க. அந்தப் பாக்கெட்டுகள்ல பெரும்பாலும் பச்சைப் பொய்யெல்லாம் எழுதியிருக்க மாட்டாங்க. ஆனா முன்பக்கத்துல பெருசா போட்டிருக்கறது வேற யாரோ ஒருத்தரோட பிரச்சனைக்கு பதில், உங்க பிரச்சனைக்கு இல்ல. இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போறது இத மட்டும்தான்.

எங்க வீட்டுல எனக்கு பால் சேராது, அக்கா பொண்ணுக்கு சீலியாக், அதாவது கோதுமை ஒத்துக்காத ஒரு குடல் வியாதி. ரெண்டுக்கும் ஒரே சமையல்கட்டு. அதனால ரெண்டு பக்கமும் சேத்தே எழுதுறேன்.

1. உங்களுக்கு என்னன்னு முதல்ல சரியா தெரிஞ்சுக்கோங்க

பால் குடிச்சா பொருமல், குடல்ல கடமுடன்னு சத்தம், வயித்தால போறது, இதெல்லாம் பெரும்பாலும் லாக்டோஸ் பிரச்சனை. லாக்டோஸ்ங்கறது பால்ல இருக்கற சர்க்கரை. அத உடைக்கிற லாக்டேஸ்னு ஒரு என்சைம் சின்ன வயசுல நிறைய சுரக்கும், வளர வளர நிறைய பேருக்கு குறைஞ்சுடும். உலகத்துல பெரியவங்கள்ல பாதிக்கு மேல இப்படித்தான், இந்தியாவுலயே வடக்கவிட நம்ம தெக்குப் பக்கம் இது ஜாஸ்தி. இதுல உயிருக்கு ஆபத்து எதுவும் இல்ல, எவ்வளவு குடிக்கிறீங்கங்கறதுதான் கணக்கு.

பால் அலர்ஜி முழுக்க வேற. அங்க பிரச்சனை சர்க்கரை இல்ல, பால்ல இருக்கற புரதம், கேசினும் வேயும். உடம்போட எதிர்ப்பு சக்தி அத எதிரியா நினைச்சு பாய்ஞ்சுடுது. தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு எல்லாம் வரும், சில குழந்தைகளுக்கு ஒரு ஸ்பூன் பாலே போதும். இங்க அளவு கணக்கெல்லாம் கிடையாது. மூச்சுத் திணறல், தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கறது, மயக்கம்னு வந்தா வீட்டு வைத்தியம் பாத்துட்டு உக்காராதீங்க, உடனே 108. இப்படி ஒருதடவ வந்தவங்க அட்ரினலின் ஊசி கைவசம் வெச்சுக்கறதப் பத்தியும் எப்படி போடறதுன்னும் அலர்ஜி டாக்டர்கிட்ட கட்டாயம் கேட்டுக்கணும்.

மூணாவது சீலியாக். கோதுமை, பார்லி, ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்) இதுலல்லாம் இருக்கற க்ளூட்டன்ங்கற புரதம் உள்ள போனா உடம்பு தன்னோட சிறுகுடல் சுவரையே தாக்கும், சத்து உறிஞ்சறதுக்குன்னு குடல்ல விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்கற பகுதி தட்டையாயிடும். வயித்து வலியே இல்லாம வெறும் ரத்தசோகை, உயரம் ஏறாதது, எலும்பு தேய்மானம்னு கூட இது வரலாம். அக்கா பொண்ணுக்கு அப்படித்தான், இரும்புச்சத்து மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தாங்க, ஹீமோகுளோபின் ஏறவே இல்ல. வட இந்தியாவுல இருக்கற அளவுக்கு தமிழ்நாட்டுல இது இல்லங்கறதால இங்க சந்தேகப்படவே நாளாகுது. வந்துட்டா வாழ்நாள் முழுக்க, துணுக்கு கூட கூடாது.

இது போக கோதுமை அலர்ஜின்னு தனியா ஒண்ணு இருக்கு. எந்த டெஸ்ட்லயும் வராம ஆனா கோதுமை சாப்பிட்டா மட்டும் வயிறு கெடுறவங்களும் இருக்காங்க, அவங்கள்ல கொஞ்சம் பேருக்கு நிஜமான பிரச்சனை க்ளூட்டனே இல்ல, கோதுமையிலயும் வெங்காயம் பூண்டுலயும் பொதுவா இருக்கற ஃப்ரக்டான்ங்கற ஒரு மாவுச்சத்து. அவங்க க்ளூட்டன் ஃப்ரீ பிரெட் வாங்கி அதுல வெங்காய மசாலா வெச்சு சாப்பிட்டா என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

2. சீலியாக் டெஸ்ட் முடியற வரைக்கும் கோதுமைய நிறுத்தாதீங்க

சீலியாக் சந்தேகம்னா முதல்ல ரத்தத்துல டிடிஜி ஐஜிஏங்கற எதிர்ப்பொருள (உடம்பு எதிர்த்து சண்டை போட தயாரிக்கிற புரதம்) பாப்பாங்க, கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பாக்கணும், ஏன்னா சிலருக்கு ஐஜிஏவே கம்மியா இருக்கும், அப்ப முதல் டெஸ்ட் தப்பா 'இல்ல'ன்னு காட்டிடும். அப்புறம் தேவைப்பட்டா எண்டோஸ்கோப்பி பண்ணி சின்னதா சதை எடுத்துப் பாப்பாங்க. இதெல்லாம் நீங்க கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப எடுத்தாதான் சரியா வரும். நெட்ல படிச்சுட்டு ரெண்டு மாசம் சப்பாத்திய நிறுத்திட்டு அப்புறமா டெஸ்ட்டுக்குப் போனா எல்லாம் நார்மல்னு வரலாம், வியாதி இருந்தும் இல்லாத மாதிரி ஆயிடும்.

லாக்டோஸுக்கு ஹைட்ரஜன் மூச்சு டெஸ்ட் இருக்கு, லாக்டோஸ் கரைசல குடிக்க வெச்சு கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவ ஊதச் சொல்வாங்க. எல்லா ஊர்லயும் கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிகள்ல கேட்டுப் பாக்கணும். குழந்தைக்கு வயித்துப்போக்கு வந்து நின்னதுக்கப்புறம் பால் சேரலன்னா பயந்துடாதீங்க, குடல் புண்ணானதால வர தற்காலிக லாக்டோஸ் பிரச்சனையா இருக்கலாம், குடல் ஆறினா சரியாயிடும், ஆயுசுக்கும் பால நிறுத்தணும்னு இல்ல.

இப்ப ஒண்ணு முக்கியமா சொல்லணும். ஒரே ரத்த சாம்பிள்ல 100, 200 சாப்பாட்டு வகைக்கு இன்டாலரன்ஸ் பாத்துத் தரோம்னு ஆயிரக்கணக்குல காசு வாங்குற பேக்கேஜ் இருக்கே, அதுல பெரும்பாலும் பாக்கறது ஐஜிஜின்னு இன்னொரு வகை எதிர்ப்பொருள். அது நீங்க அந்த சாப்பாட்ட சாப்பிட்டு உடம்புக்குப் பழக்கமாயிருக்குன்னு காட்டுற விஷயம். இத வெச்சு ஒத்துக்காததக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய அலர்ஜி டாக்டர்கள் அமைப்பு 2008லயே சொல்லிடுச்சு, அமெரிக்கா, கனடா அமைப்புகளும் அதையேதான் சொல்லுது. அந்த ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு அரிசி, துவரம்பருப்பு, தக்காளி, முட்டைன்னு எல்லாத்தையும் நிறுத்தி இளைச்சுப் போன ஆளுங்கள நேர்லயே பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கு. தயவு செஞ்சு அந்தக் காச ஒரு நல்ல வயித்து டாக்டருக்கும் டயட்டீஷியனுக்கும் குடுங்க.

3. ஒரு நோட்டு போடுங்க

ஆப்பெல்லாம் வேண்டாம், பழைய டைரி போதும். என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு, எத்தன மணிக்கு, வயிறு எத்தன மணிக்கு என்ன பண்ணுச்சு. பாக்கெட் சாமான்னா பின்பக்கத்த போட்டோ எடுத்துக்கோங்க. ரெண்டு மூணு வாரம் எழுதினா ஒரு ஒழுங்கு தெரியும். அப்புறம் டாக்டர் சொல்ற ஒரே ஒரு பொருள மட்டும் நிறுத்திப் பாத்து, திரும்ப சேத்துப் பாருங்க. இந்தத் திரும்ப சேத்துப் பாக்கறத நிறைய பேர் விட்டுடறாங்க, அதனால தேவையே இல்லாம பல வருஷம் ஒரு சாப்பாட்டையே ஒதுக்கி வெச்சுடறாங்க. ஆனா அலர்ஜி இருக்கறவங்க இத வீட்டுல பண்ணவே கூடாது, ஆஸ்பத்திரியில வெச்சு டாக்டர் முன்னாடிதான். சீலியாக்னு உறுதியாயிட்டா திரும்ப சேத்துப் பாக்கற பேச்சே இல்ல.

4. லாக்டோஸ்காரங்களுக்கு அளவுக் கணக்கு

100 மில்லி பால்ல கிட்டத்தட்ட 5 கிராம் லாக்டோஸ் இருக்கும். பசு, எருமை பெருசா வித்தியாசம் இல்ல. லாக்டோஸ் சேராதவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு நேரத்துக்கு 12 கிராம் வரைக்கும், அதுவும் சாப்பாட்டோட சேத்துன்னா பெருசா தொந்தரவு இல்லாம தாங்குவாங்கன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. அப்படின்னா காலையில ஒரு டம்ளர் ஃபில்டர் காபி பிரச்சனை இல்ல, வெறும் வயித்துல பெரிய லோட்டா பாலும் அதுக்கு மேல ஒரு மில்க் ஷேக்கும்தான் பிரச்சனை. தயிர்ல பாக்டீரியா லாக்டோஸ கொஞ்சம் தின்னுடுது, மீதிய செரிக்கவும் உதவி பண்ணுது, அதனால பால் சேராத நிறைய பேருக்கு தயிர் சாதம் நல்லாவே சேரும். மோர் தண்ணி சேத்ததால இன்னும் லேசு. நெய்யில அனேகமா இல்லவே இல்ல. ஆனா பால்கோவா, திரட்டுப்பால், கோவா போட்ட ஸ்வீட் எல்லாம் பால சுண்டக் காய்ச்சினது, கையளவு ஸ்வீட்டுல ஒரு பெரிய டம்ளர் பாலோட லாக்டோஸ் இருக்கும். கொழுப்பு நீக்கின பால் பவுடர்ல பாதி எடை லாக்டோஸ்தான், ஆபீஸ் வெண்டிங் மிஷின் காபி குடிச்சா மட்டும் வயிறு கெடுதுன்னு சொல்றவங்க அந்த ப்ரீமிக்ஸ் பாக்கெட்ட ஒருதடவ வாங்கிப் பாருங்க.

கல்யாண விருந்து மாதிரி தவிர்க்கவே முடியாத இடத்துக்கு லாக்டேஸ் மாத்திரை மெடிக்கல் ஷாப்ல கிடைக்குது, முதல் வாய் சாப்பிடறப்பவே போட்டுக்கணும், சாப்பிட்டு முடிச்சு வயிறு உப்பினப்புறம் போட்டா வேலை செய்யாது. பால அடியோட குறைக்கறவங்க கால்சியத்த மறந்துடாதீங்க, கேழ்வரகு, எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோட சாப்பிடற நெத்திலி எல்லாம் நம்மகிட்டயே இருக்கு.

5. பாக்கெட்ட திருப்புங்க

கடையில கையில எடுத்த உடனே முன்பக்கத்த படிக்காம நேரா பின்பக்கத்துக்குப் போங்க. பொருட்கள் பட்டியல் எடை வரிசையில இருக்கும், எது அதிகமோ அது முதல்ல. அந்தப் பட்டியலுக்குக் கீழயோ பக்கத்துலயோ 'கன்டெயின்ஸ்'னு ஒரு வரி இருக்கும், அதுதான் அலர்ஜி வரி. 2020ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், கொண்டு வந்த லேபிள் விதிப்படி க்ளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் மாதிரி கொட்டைகள், சோயா, ஒரு அளவுக்கு மேல சல்பைட் (கெடாம இருக்க சேக்கறது), இதெல்லாம் இருந்தா கட்டாயம் சொல்லணும். எள்ளும் கடுகும் அந்தப் பட்டியல்லயே இல்ல, கவனிச்சீங்களா? ஐரோப்பாவுல ரெண்டையும் சொல்லணும், அமெரிக்காவுல 2023லேர்ந்து எள்ள சொல்லணும். இங்க எள் அலர்ஜி இருக்கறவங்க அலர்ஜி வரிய மட்டும் நம்பவே கூடாது, மொத்தப் பட்டியலையும் வரி விடாம படிக்கணும். அதே மாதிரி வெளிநாட்டுலேர்ந்து சொந்தக்காரங்க கொண்டு வர சாமான்லயும் ஒரு விஷயம் இருக்கு, அமெரிக்க அலர்ஜி வரியில கோதுமை வரும், பார்லி வரணும்னு கட்டாயம் இல்ல. அதனால சீலியாக் இருந்தா பெரும்பாலும் பார்லியிலேர்ந்து வர 'மால்ட்', 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்'ங்கற வார்த்தைய பட்டியல்ல தேடுங்க.

'மே கன்டெயின்'னு ஒரு வரி சிலதுல இருக்கும், அதே மிஷின்ல வேற பொருளும் ஓடுதுன்னு அர்த்தம். இங்க இத போடறது கட்டாயம் இல்ல, கம்பெனி இஷ்டம். அதனால அந்த வரி இல்லாத பாக்கெட் சுத்தமானதுன்னு எடுத்துக்க முடியாது, சொல்லப்போனா போட்டவன் பரவாயில்ல. லாக்டோஸ்காரங்க இத கண்டுக்க வேண்டாம், அலர்ஜியும் சீலியாக்கும் உள்ளவங்க கண்டுக்கணும்.

இன்னொரு விஷயம் எனக்கு நிஜமாவே கோவம் வரவழைக்குது. இதெல்லாம் இங்கிலீஷ்லயோ ஹிந்தியிலயோ இருந்தா போதும்னு விதி. தமிழ்ல போடறது அவங்க விருப்பம். நம்ம வீடுகள்ல குழந்தைய பாத்துக்கறது பாட்டிங்கதான், அவங்களுக்கு அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷ எப்படி படிக்கறது? நாங்க பண்ணினது, ஒரு அட்டையில தேட வேண்டிய வார்த்தைகள இங்கிலீஷ்ல பெருசா பிரிண்ட் போட்டு பக்கத்துல தமிழ்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டோம். வீட், மைதா, சூஜி, செமோலினா, பார்லி, மால்ட், ரை ஒரு பக்கம். மில்க் சாலிட்ஸ், வே, கேசினேட், பட்டர்மில்க், கர்ட் பவுடர் இன்னொரு பக்கம். எங்க அம்மா எழுத்த எழுத்தோட ஒப்பிட்டுப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்க.

6. முன்பக்க வார்த்தைகள், ஒண்ணொண்ணா

லாக்டோஸ் ஃப்ரீ பால்: நிஜமான பால்தான், லாக்டோஸ என்சைம் போட்டு முன்னாடியே உடைச்சிருக்காங்க. எனக்கு இது வரப்பிரசாதம். பால் அலர்ஜி குழந்தைக்கு இது வெறும் பால், அதே கேசின், அதே வே, அதே ஆபத்து. சர்க்கரையும் காணாம போகல, குளுக்கோஸும் கேலக்டோஸும் ஆயிருக்கு, அதனாலதான் ஜீனி போடாமலே இனிக்குது, சுகர் உள்ளவங்க 'ஃப்ரீ'ங்கறத பாத்து ஏமாறக்கூடாது.

ஏ2 பால், நாட்டு மாட்டுப் பால்: புரதத்துல ஒரு சின்ன வித்தியாசம், லாக்டோஸ் அதே அளவு. "வயித்துக்கு லேசு"ன்னு விக்கறாங்க, 2024 ஆகஸ்ட்ல ஏ1 ஏ2ன்னு போடறத எடுக்கச் சொல்லி எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவு போட்டுட்டு சில நாள்லயே வாபஸ் வாங்கிடுச்சு, அதனால லேபிள் அப்படியே ஓடுது. பால் அலர்ஜி குழந்தைக்கு ஏ2வும் ஆகாது, ஆட்டுப்பாலும் ஆகாது, எருமைப்பாலும் ஆகாது, புரதம் ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு ஒத்து இருக்கும்.

நான் டெய்ரி க்ரீமர்: பேர் இப்படி இருந்தாலும் நிறையதுல சோடியம் கேசினேட் இருக்கும், அது பால் புரதம். லாக்டோஸ்காரங்களுக்கு பரவாயில்ல, அலர்ஜிக்காரங்களுக்கு கூடவே கூடாது.

பச்சை வட்டம்: சைவம்னு மட்டும்தான் சொல்லுது, பால் தாராளமா இருக்கலாம். முட்டை அலர்ஜிக்கு கொஞ்சம் உதவும், ஏன்னா முட்டை சேத்தா அசைவக் குறி போட்டாகணும், ஆனா அதே ஃபாக்டரியில முட்டை கேக் ஓடுறத அந்த வட்டம் சொல்லாது.

வீகன், டெய்ரி ஃப்ரீ: பால் சேக்கலங்கறது சரி, ஒட்டிக்கிட்டு வந்திருக்காதுன்னு அர்த்தம் இல்ல. டார்க் சாக்லேட்ட அமெரிக்க அரசோட உணவு, மருந்து அமைப்பான எஃப்டிஏ டெஸ்ட் பண்ணி 2015ல வெளியிட்டாங்க, பால பொருளா எழுதாத 88 பார்ல 51ல பால் இருந்துச்சு. பால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு "டார்க் சாக்லேட்தானே"ன்னு குடுக்கறவங்களுக்கு இத சொல்லுங்க.

வீட் ஃப்ரீ: கோதுமை இல்ல, பார்லி இருக்கலாம். சீலியாக்குக்கு போதாது. அதே பார்லியத்தான் "சூட்டுக்கு நல்லது"ன்னு கஞ்சி வெச்சுக் குடுப்பாங்க, அதுலயும் க்ளூட்டன் இருக்குன்னு பாட்டிகளுக்கு தெரியறதில்ல.

க்ளூட்டன் ஃப்ரீ: இதுக்கு இங்க எண்ணோட விதி இருக்கு. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல க்ளூட்டன் இருக்கக்கூடாது, 20லேர்ந்து 100 வரைக்கும்னா 'லோ க்ளூட்டன்', அது சீலியாக்குக்கு ஆகாது. உப்பு, மஞ்சள்தூள், கடலை எண்ணெய் மேலெல்லாம் க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டு விலை ஏத்தி விக்கறாங்க, அதுல எண்ணெய்க்கும் உப்புக்கும் காசு குடுத்து ஏமாறாதீங்க, ஆனா மாவுப் பொருளுக்கு அந்த லேபிள் உண்மையிலேயே வேணும்.

மில்லட், மல்டிகிரெய்ன், கேழ்வரகு: சீலியாக் வீட்டுக்கு அதிக சேதம் இதாலதான். கேழ்வரகு பிஸ்கட் பாக்கெட் முன்னாடி கதிரு படம், மண் கலர், கிராமத்துப் பாட்டி படம். திருப்புனா முதல் பொருள் மைதா, ரெண்டாவது சர்க்கரை, மூணாவது பாமாயில், அதுக்கப்புறம் எங்கயோ கேழ்வரகு. முன்னாடி படம் போட்டு காட்டுற பொருளோட சதவீதத்த பட்டியல்ல சொல்லணும், அந்த எண்ண மட்டும் பாருங்க, ரொம்ப சின்னதா இருக்கும். கம்பு சேமியா, தினை நூடுல்ஸ், சத்துமாவு எல்லாத்துலயும் கோதுமையோ மைதாவோ ரவையோ கலந்திருக்கான்னு பாக்காம வாங்காதீங்க. ஓட்ஸ் தனி கதை, சுத்தமான ஓட்ஸ் சீலியாக் உள்ள பெரும்பாலானவங்களுக்கு சேரும், ஆனா கடையில கிடைக்கற சாதா ஓட்ஸ்ல வயல்லேர்ந்தே கோதுமை கலந்து வருது, மசாலா ஓட்ஸ்ல மசாலாவுலயே கோதுமை இருக்கலாம்.

சுகர் ஃப்ரீ ஸ்வீட், சூயிங்கம்: சர்க்கரைக்கு பதிலா இனிப்புக்கு மால்டிடால், சார்பிடால் போட்டிருப்பாங்க, ஐஎன்எஸ் 965, 420ன்னு நம்பரா கூட இருக்கும். இது கொஞ்சம் அதிகமானா யாருக்குமே வயிறு கடமுடங்கும், ஏற்கனவே குடல் தொந்தரவு இருக்கறவங்க பால்மேல பழி போட்டுக்கிட்டு இருப்பாங்க.

7. சமையல்கட்டு: பெருங்காயமும் மாவு மில்லும்

சீலியாக்னு தெரிஞ்சதும் "நமக்கென்ன, நாம அரிசி சாப்பிடறவங்கதானே"ன்னு எல்லாரும் நிம்மதி ஆவாங்க. பாதி சரி. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல், எல்லாமே இயல்பாவே க்ளூட்டன் இல்லாதது, டெல்லியிலயோ லண்டன்லயோ இருக்கற சீலியாக்காரங்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கு. ஆனா பெருங்காய டப்பாவ எடுத்துப் பாருங்க. கடையில வாங்கறது அனேகமா கூட்டுப் பெருங்காயம், ஆப்கானிஸ்தான்லேர்ந்தும் ஈரான்லேர்ந்தும் வர பிசின் ரொம்பக் காரமா இருக்கறதால கோந்தும் மாவும் சேத்து மட்டுப்படுத்தி விக்கறாங்க. அந்த மாவு நிறைய டப்பாவுல கோதுமை மாவு இல்ல மைதா, சிலதுல மட்டும் அரிசி மாவு. சாம்பார், ரசம், வடை, அப்பளம், ஊறுகாய், முறுக்கு, புளியோதரைன்னு பெருங்காயம் இல்லாத எடம் எது? வீட்டுல கோதுமை வாங்கறதையே நிறுத்தியும் அக்கா பொண்ணுக்கு ரத்தத்துல டிடிஜி அளவு எறங்கலன்னு தேடினப்ப டயட்டீஷியன் முதல்ல கேட்டதே பெருங்காயம் என்னதுன்னுதான். அரிசி மாவு சேத்ததுன்னு பட்டியல்ல எழுதி க்ளூட்டன் ஃப்ரீன்னும் போட்டிருக்கற டப்பா இப்ப கிடைக்குது, தேடி வாங்குங்க, மொத்த வீட்டுக்கும் அத ஒண்ணையே வெச்சுக்கோங்க.

அடுத்தது மாவு மில். நம்ம முறை வரப்ப முன்னாடி போனவங்க கோதுமை அரைச்சிருப்பாங்க. மிஷினுக்குள்ள, அந்தத் துணிக் குழாய்க்குள்ள எல்லாம் கோதுமை மாவு ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும், நம்ம பச்சரிசிய கொட்டினதும் முதல்ல அதுதான் வெளிய வரும். முதல் பிடிய தனியா எடுத்துட்டா மத்தவங்களுக்கு சரி, சீலியாக்குக்கு சரியில்ல, மில்லுக்குள்ள பறக்கற தூசியே போதும். அரிசிய கழுவி நிழல்ல காயவெச்சு வீட்டு மிக்ஸியில அரைச்சு சலிச்சுக்கோங்க, இல்ல சின்ன வீட்டு மில் ஒண்ணு வாங்குங்க. கம்பு, தினை, சாமை எல்லாம் சில்லறையா வாங்கினா கடைக்காரர் கோதுமை அளந்த அதே அள்ளுவாயாலதான் அள்ளுவார், அதனால மூட்டை பிரிக்காத பாக்கெட்டா வாங்கி, கொட்டிப் பொறுக்கி, நல்லா கழுவிட்டு சமைங்க.

சப்பாத்தி சுடற வீடா இருந்தா தோசைக்கல்லு, சல்லடை, பூரிக்கட்டை, மரக்கரண்டி, வடை சுடற எண்ணெய் இதெல்லாம் தனியா வேணும். பாத்திரத்த சோப்பு போட்டுக் கழுவினா போதும், ஆனா சல்லடையும் மரமும் எவ்வளவு கழுவினாலும் போகாது. சமைக்கற வரிசையில முதல்ல சீலியாக்காரங்களோடது, அப்புறம் மத்தவங்களோடது. சோயா சாஸ்ல பெரும்பாலும் கோதுமை இருக்கும், வீட்டுல ஃப்ரைட் ரைஸ் பண்றவங்க அத மறந்துடறாங்க.

8. வெளிய சாப்பிடறப்ப

ஹோட்டல்ல போயி "க்ளூட்டன் இருக்கா"ன்னு கேட்டா சர்வர் பாவம் என்ன சொல்லுவார். சாமான் பேர சொல்லிக் கேளுங்க. "அண்ணே, இந்தக் குருமா கெட்டியாக மைதா, சோளமாவு எதாவது கரைச்சு ஊத்துறீங்களா? தோசை ஊத்துற கல்லுலயே பரோட்டாவும் போடறீங்களா? சாம்பாருக்கு என்ன பெருங்காயம்?" இப்படி கேட்டா உள்ள போயி மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றாங்க, நிறைய பேர் நல்லாவே உதவுறாங்க. ரவா தோசை, கேசரி, சேமியா பாயாசம் வேண்டவே வேண்டாம். பஜ்ஜி கடலை மாவுதான், ஆனா சமோசா பொரிச்ச எண்ணெய். இட்லி, இடியாப்பம், வெறும் சாதம், தயிர், கூட தேங்காய் சட்னி தாளிக்காம, இது ஓரளவு நிம்மதி. பத்து இடத்துலயோ அதுக்கு மேலயோ கிளை வெச்சிருக்கற ஹோட்டல்கள் 2022 ஜூலையிலேர்ந்து அலர்ஜி விவரத்த மெனுவோட காட்டணும்னு விதி இருக்கு, கேளுங்க, நாலு பேர் கேட்டாதான் வெப்பாங்க. பேக்கரியில கண்ணாடி அலமாரியில லூசா விக்கறதுக்கு எந்த லேபிளும் கிடையாது, அத நான் தொடறதே இல்ல.

கல்யாணம்னா முந்தின நாளே சமையல்காரர் நம்பர வாங்கிப் பேசிடுங்க, நம்ம பெருங்காயத்தையே குடுத்து ரசத்துக்கு மட்டும் போடச் சொன்னா செஞ்சு தராங்க. "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு அத்தையோ சித்தியோ இலைக்குப் பக்கத்துலயே நிப்பாங்க. எனக்கு அது உண்மை, ஒரு ஸ்பூன் பால் பாயாசம் சாப்பிட்டுடுவேன், அவங்க மனசும் குளிரும். அக்கா பொண்ணுக்கு அது உண்மை இல்ல, அவளுக்கு "டாக்டர் சொல்லியிருக்கார், குடல்ல புண்ணாகும் அத்தை"ன்னு நேரா சொல்லிடறோம். வியாதி பேர சொன்னா புரியாம வற்புறுத்தறவங்க புண்ணுன்னு சொன்னா உடனே கைய எடுத்துடறாங்க. கோயில் பிரசாதத்த வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டு பக்கத்துல குடுத்துடுவா. சர்ச்சுக்குப் போறவங்க ஃபாதர்கிட்ட கேட்டா க்ளூட்டன் குறைச்ச அப்பம் வரவழைக்க முடியும், கத்தோலிக்க சபையில அதுக்கு அனுமதி உண்டு. ஸ்கூல்ல டீச்சர்கிட்ட வாயால சொன்னா மறந்துடுவாங்க, எழுதிக் குடுங்க, பிறந்தநாள் சாக்லேட்டுக்கு பதிலா தர ஒரு டப்பா கடலைமிட்டாய் வகுப்புலயே வெச்சுடுங்க, வேர்க்கடலை அலர்ஜி உள்ள பிள்ளை யாரும் அந்த வகுப்புல இல்லன்னு கேட்டுட்டு.

மாத்திரையில லாக்டோஸ் இருக்கேன்னு சிலர் பயப்படறாங்க, அதுல இருக்கறது ரொம்பக் கொஞ்சம், லாக்டோஸ்காரங்களுக்கு பொதுவா ஒண்ணும் பண்ணாது, டாக்டர கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க. சீலியாக் உள்ளவங்க ஸ்டார்ச் எதுலேர்ந்துன்னு மருந்துக் கடையிலயோ கம்பெனியிலயோ கேக்கறது நல்லது.

9. பழைய பாக்கெட்டையும் திரும்ப படிங்க, தப்பா இருந்தா விடாதீங்க

வழக்கமா வாங்குற சாமானா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பாருங்க. 'நியூ', 'இம்ப்ரூவ்டு'ன்னு மூலையில வந்துட்டா உள்ள எதையோ மாத்திட்டாங்கன்னு அர்த்தம், சில சமயம் அது கூட போடாம மாத்துவாங்க. சின்ன பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வேற வேற ஃபாக்டரியிலேர்ந்து வரலாம்.

லேபிள்ல இல்லாதது உள்ள இருக்குன்னு சந்தேகம் வந்தா, மீதி சாமான அதே பாக்கெட்டோட ஜிப் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர், பில், நாலையும் போட்டோ எடுங்க. பாக்கெட்டுல இருக்கற கஸ்டமர் கேர் மெயிலுக்கு எழுதுங்க, போன்ல பேசினா ஆதாரம் இருக்காது. கூடவே எஃப்எஸ்எஸ்ஏஐயோட 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப்ல புகார் போடுங்க, உங்க மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு காப்பி குடுங்க, பணம் திரும்ப வேணும்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. அலர்ஜி வந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா டிஸ்சார்ஜ் சம்மரியில என்ன சாப்பிட்டதால வந்துச்சுன்னு எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கோங்க, புகாரோட அதையும் சேத்து அனுப்புங்க.